தரம் ஆறு

சொஹாரில் எங்கள் கல்லூரி ஏசி
மார்ச்சிலேயே இரைய ஆரம்பித்துவிடும்.
அதற்கு மேல் குரலை ஏற்றித்தான்
என் நேரியல் இயற்கணிதம்.

படம் என்பது எண்கள், என்றேன்.
பூச்சியம் கறுப்பு,
இருநூற்று ஐம்பத்தைந்து வெள்ளை,
நடுவில் கிடப்பதெல்லாம் இன்றைய வானம்.
யாரும் சிரிக்கவில்லை.
தூசிக்காற்றுக்கு அது மூன்றாம் நாள்.

எல்லா எண்ணோடும் பத்தைக் கூட்டுங்கள்,
வெளிச்சம் ஏறும் என்றேன்.
ஹுமைதின் வெள்ளை திஷ்தாஷா
திரையில் கரிக்கட்டையாய்க் கறுத்தது.
எட்டு பிட்டில் இடம் தீர்ந்தால்
எண் சுற்றிக்கொண்டு
முதலிலிருந்து தொடங்கும்.
அப்போது சிரித்தார்கள்.
ஹுமைத் தன் சட்டைக் கையை
ஒருமுறை தூக்கிப் பார்த்துக்கொண்டான்.

நிரையை நிரலாக்கினேன்,
மினாரா படுத்துக்கொண்டது.
"எழுப்பிவிடுங்கள் டீச்சர், அஸர் நேரம்."
மறுபடி மாற்றினேன், எழுந்தது.
இரண்டு முறை செய்தால் பழையபடி ஆகிற காரியங்கள்
இந்தப் பாடத்தில் சில உண்டு.
வெளியே குறைவு.

அணிக்கு அவர்கள் சொல் மஸ்ஃபூஃபா.
ஸஃப் என்றால் வரிசை,
தொழுகையில் தோளோடு தோள் நிற்பது.
வகுப்புக்கும் அதே பெயராம்.
உங்கள் சொல் என்ன என்றார்கள்.
அணி: வரிசையில் நிற்பதும் அதுதான்,
கழுத்தில் பூட்டுவதும், பேச்சை அழகாக்குவதும் அதுதான்
என்றேன்.
"எதற்கு விலை அதிகம்?" என்றாள் ஷம்ஸா.
பாடத்துக்குத் திரும்பினேன்.

அவள் கொண்டுவந்த படம், துறைமுகக் கரை.
நானூற்று எண்பது நிரை, அறுநூற்று நாற்பது நிரல்.
மூன்று லட்சத்து ஏழாயிரத்து இருநூறு எண்களையும்
யார் சுமப்பது?
ஒரு நிரலை ஒரு நிரையோடு பெருக்கிப் பரப்பினேன்,
தரம் ஒன்று.
திரையில் விழுந்தது
கட்டம் போட்ட லுங்கி.
கதவருகே துடைப்பத்தோடு நின்ற மொஃபிஜுல்
தன் ஊர்க்காரனைப் பார்த்ததுபோல் பல் தெரியச் சிரித்தார்.

இரண்டு, அதன்மேல் இன்னொரு லுங்கி.
மூன்று, நான்கு, சாயம் கலந்து போயிற்று.
ஐந்து, நனைந்து ஒட்டிய செய்தித்தாள்.
ஆறில்
கடைசி வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.
செமஸ்டர் முழுக்க வாய் திறக்காத கல்ஃபான்:
"அது எங்கள் படகு.
மோட்டாரைக் கழற்றியாயிற்று."

எங்கே, என்றார்கள்.
எனக்கும் ஒரு சாம்பல் இழுப்புதான் தெரிந்தது.
இருபது. முப்பது.
ஐம்பதில் படகு வந்தது,
பின்பக்கம் வெறுமையாக,
தார்ப்பாய் போர்த்திக்கொண்டு.
மோட்டார் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
கட்டணம் கட்டக் கடைசி வாரம் அது.

ஆறாயிரத்து எழுநூற்று இருபத்தாறு எண்கள்.
அவற்றில் எந்த எண்ணில் இருந்தது அந்தப் படகு?
பலகையில் அதை நிறுவ முயன்று
பாதியில் மணி அடித்தது.

அன்றிரவு நெய்வேலியிலிருந்து வீடியோ அழைப்பு
வழக்கம்போலச் சதுரம் சதுரமாய் உடைந்தது.
மூக்கில்லை, கண்ணில்லை,
தாடை இருக்க வேண்டிய இடத்தில்
பழுப்பாய் ஒரு கட்டம்.
"ஏன் ஷேவ் பண்ணல?" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
நெட்வொர்க்காகவும் இருக்கலாம்.

தேர்வில் மூன்றாம் கேள்வி:
ஓர் அணியின் தரம் என்றால் என்ன? நான்கு மதிப்பெண்.
ஒன்றையொன்று சாராத நிரைகளின் எண்ணிக்கை என்று
எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்.
கல்ஃபான் எழுதியது:
தெரிந்தவனுக்கு எவ்வளவு அனுப்பினால் போதுமோ
அவ்வளவு.

தவறு.
வரையறைப்படி தவறு,
எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறாது.
சிவப்பு மையில் ஒன்று போட்டேன்.
அடுத்த தாளை எடுத்தேன்,
திரும்ப அவன் தாளுக்கு வந்தேன்.
ஒன்றை இரண்டாக்குவது சுலபம், ஒரு வளைவுதான்.

கட்டு இன்னும் என் மேசையில்.
ஞாயிறு காலைக்குள் ஒப்படைக்க வேண்டும்.